வேட்டைக்கொருமகன் கையில் ஏன் சுரிகை?

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஊர், தேவாலா. நீலகிரி மாவட்டம் என்றதும் ஊட்டிக் குளிரை நினைத்து கம்பளி எடுத்துப் போனால், அங்கே தேவைப்படுவது குடைதான்! தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தமிழகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. துணி காய்வதற்கு நான்கு நாள் ஆகிறது.

ஒருநாள் மாலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் பேரன் ஓடி வந்தான்.

''பாட்டி, என் ஃபிரெண்டோட தாத்தா மான் வேட்டைக்குப் போவாராம். அவர் அப்பாதான் கூட்டிட்டுப் போய் கத்துக்குடுத்தாராம். அவங்க வீட்ல வில் இருக்கு. நம்ம வீட்ல யாருமே வேட்டைக்குப் போனதில்லையா?''

நண்பன், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பிள்ளை. பேரனின் குரலில் கொஞ்சம் பொறாமை. நம் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையே என்ற வருத்தம்!

''வேட்டை பாவம்டா கண்ணா'' என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால், முந்தின இரவுதான் கண்ணப்ப நாயனார் கதை சொல்லித் தூங்க வைத்திருந்தேன். கண்ணப்பர் வேட்டைக்காரர்தானே? வள்ளியம்மை வளர்ந்தது வேடர் வீட்டில்தானே? பாவம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால், அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. எனவே, ''நாளைக்குச் சொல்றேன்'' என்று தப்பித்தேன். அந்த ஒருநாள் அவகாசத்தில் தேடியதும், பிறகு தேடிக்கொண்டே இருந்ததும்தான் இந்தக் கட்டுரை.

நண்பனின் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலும், அடுத்துள்ள கேரளத்தின் வயநாட்டிலும் வாழ்பவர்கள் முள்ளுக்குறும்பர்கள். வயலில் நெல் விளைவிப்பார்கள். வில் வித்தையிலும் பேர் பெற்றவர்கள். இவர்களது குடியிருப்புக்கு 'குடி' என்று பெயர். குடிக்குப் பொதுவாகத் தெய்வம் உறையும் வீடு ஒன்று உண்டு. அதைத் 'தெய்வப்புரா' என்கிறார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை இவர்களது சடங்குகளில் வில்லுக்கும் அம்புக்கும் இடம் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைக்கு அட்சராப்பியாசம் செய்து வைத்து, நெல்லில் 'அ' எழுத வைப்பது போல, அந்த வீடுகளில் பையனுக்கு வில் பழக்குவது தகப்பனின் கடமையாக இருந்தது. வேட்டை என்பது கூட்டமாகப் போவது. கிடைத்ததைப் பங்கிட்டுக் கொள்வது. ஒருவனுக்கு மட்டும் என்று எதுவும் கிடையாது.

'இருந்தது' என்று சொல்கிறேன். ஏனென்றால், இன்று வில் இருக்கிறது, வேட்டை இல்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது கண்ணப்பரிடம் வருவோம். அந்தக் கதையில் நாம் கண்ணை அப்பிய இடத்துக்கே ஓடிவிடுகிறோம். அதற்கு முன்னால் சேக்கிழார் பெருமான் நிதானமாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் தன் மகனை முதன்முதலாக வேட்டைக்கு அனுப்பும் காட்சி அது!

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன். மனைவி தத்தை. நெடுநாள் பிள்ளையில்லாமல், முருகப் பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளை திண்ணன். தூக்கிய கைக்குத் திண்ணென்று கனத்ததால் அந்தப் பெயர். உரிய வயதில் நல்ல நாள் பார்த்து, ஊரையே அழைத்து, விழா எடுத்து வில் பிடிக்கச் செய்தார்கள். பதினாறு வயதில் திண்ணன் வில்லில் தேர்ந்துவிட்டான். நாகனுக்கோ முதுமை. வேட்டை நின்றுபோனதால் காட்டு விலங்குகள் புனத்தை அழிக்கின்றன என்று குடிகள் வந்து முறையிடுகிறார்கள். நாகன் மகனை அழைத்து, தலைமையை ஒப்படைத்து, உடைதோலையும் சுரிகையையும் கொடுக்கிறான். சுரிகை என்றால் குறுவாள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவாலாவுக்குத் திரும்பும்போது மறுபடி வரும்.

தேவராட்டி என்ற மூதாட்டி வந்து வாழ்த்துகிறாள். முதல் வேட்டைக்குக் 'கன்னி வேட்டை' என்று பெயர். அந்தக் கன்னி வேட்டையில்தான், ஓடிய பன்றியைத் துரத்திக்கொண்டு நாணன், காடன் என்ற இருவருடன் திண்ணன் காளத்தி மலையடிவாரம் வரை போகிறான். அங்கே குடுமித்தேவரைக் காண்கிறான். மற்றது உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது அதற்கு நடுவில் இருக்கிறது. காடு அதிர வேட்டை நடக்கிறது. நாய்கள் குரைக்கின்றன, அம்புகள் பாய்கின்றன. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, இந்த வேடர்கள் எதைச் செய்யமாட்டார்கள் என்றும் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். யானைக் கன்றுகளைத் துரத்தமாட்டார்களாம். சிதறி ஓடும் சின்னஞ்சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்களாம். கருவைச் சுமந்து நடை தளர்ந்து வரும் பெண் மானை அலைக்கழிக்கமாட்டார்களாம்!

எத்தனை முறை பெரிய புராணச் சொற்பொழிவு கேட்டிருப்பேன். இந்த இடம் என் மனதில் நிற்கவே இல்லை. பேரன் கேட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. அம்பு விடும் கை ஒரு கணம் நிற்க வேண்டும்; வருவது ஆணா பெண்ணா, குட்டியா, சூலா என்று கண் பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்தோடு போய்க் கற்பதில் பாதி, எதை விட்டுவிட வேண்டும் என்பதுதான்.

இதை மறந்த பெரியவர்கள் பட்ட பாட்டையும் நம் இதிகாசங்கள் சொல்கின்றன. துணையோடு கூடியிருந்த மானை எய்தார் பாண்டு மகாராஜா. அது மான் வடிவில் இருந்த முனிவர். அந்தச் சாபம் அவர் உயிரையே வாங்கியது. கண்ணால் பாராமல் ஓசையை மட்டும் கேட்டு அம்பு விட்டார் தசரதர். யானை என்று நினைத்தது, தாய் தந்தைக்குத் தண்ணீர் மொண்ட பிள்ளையை. இருவருமே வேட்டையில் வல்லவர்கள். பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டவர்கள்.

இனி தேவாலாவுக்கு வருவோம். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் போகும் சாலையில் உள்ளது இந்த ஊர். இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் மலபார் மாவட்டத்தின் வயநாட்டைச் சேர்ந்தது. 1877-ல்தான் நீலகிரியோடு இணைத்தார்கள். அதனால், இங்குள்ள பழைய தெய்வங்களுக்கும் மலையாள நாட்டுத் தெய்வங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிற்பாடு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தபோது, மாரியம்மனும் முருகனும் உடன் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மண்ணைக் காப்பவராகக் கொண்டாடப்படுபவர், கூடலூர் அருகே நம்பாலக்கோட்டையில் கோயில் கொண்டுள்ள வேட்டைக்கொருமகன்!

பெயரே அழகாக இருக்கிறதல்லவா? வேட்டைக்கு ஒரு மகன். ஐயப்பனோ என்று சிலர் நினைக்கக்கூடும், இவர் வேறு. சிவ-பார்வதியின் வேட்டுவக் கோலத்தில் அவதரித்த பிள்ளை. மலபாரின் பல பழைய அரச குடும்பங்களுக்குக் குலதெய்வம். நிலம்பூர் கோவிலகத்தார் இந்த நம்பாலக்கோட்டையிலிருந்துதான் தங்கள் ஊருக்கு இவரை எழுந்தருளச் செய்தார்கள் என்பது ஐதீகம். நிலம்பூரில் ஆண்டுதோறும் இவருக்காக 'பாட்டு' உற்சவம் நடக்கிறது.

இவருடைய கதையைக் கேளுங்கள். பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்த அர்ஜுனனைச் சோதிக்க, ஈசன் வேடனாகவும் அம்பிகை வேட்டுவச்சியாகவும் வந்தார்கள். அஸ்திரம் கொடுத்த பின்பும் சில காலம் அதே கோலத்தில் வனத்தில் வாழ்ந்தார்கள். அப்போது பிறந்தவர் இந்தக் குமாரர். வேடர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் என்ன? வில்தான். பிள்ளையும் எய்தார், எய்தார், எய்துகொண்டே இருந்தார். மிருகங்கள் மட்டுமல்ல, தவம் செய்யும் முனிவர்களும் தேவர்களும்கூட அந்த அம்புகளுக்குத் தப்பவில்லை.

எல்லோரும் பிரம்மாவோடு ஈசனிடம் போய் முறையிட்டார்கள். ஈசனோ, 'சிறுபிள்ளை விளையாட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டாராம். (பெற்றவர்கள் பெற்றவர்கள்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் நாமும் அதைத்தானே சொல்கிறோம்!) கடைசியில் மகாவிஷ்ணுவைச் சரணடைந்தார்கள்.

பெருமாள் வந்தார். எப்படி? சக்கரம் ஏந்தி அல்ல. ஒரு கிழ வேடனாக, கையில் பொன்னாலான சுரிகையோடு! அது மின்னுவதைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஆசை. 'எனக்குத் தா' என்றார். கிழவர், 'தருகிறேன்; ஆனால், ஒரு நிபந்தனை. இதைத் தரையில் வைக்கவே கூடாது. எப்போதும் வலக்கையிலேயே பிடித்திருக்க வேண்டும். சம்மதமா?' என்றார். பிள்ளையும் மகிழ்ச்சியோடு சம்மதித்து வாங்கிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். வலக்கையில் சுரிகை இருந்தால் நாணை இழுப்பது எப்படி? வில்லும் அம்பும் இடக்கையிலேயே தங்கிவிட்டன. யாரும் பிடுங்கவில்லை, அடிக்கவில்லை, 'தொடாதே' என்று சொல்லவுமில்லை. பிறகு அந்தப் பிள்ளை சேரநாட்டுக்கு வந்து, பாலுசேரிக் கோட்டை முதலான இடங்களில் அமர்ந்து, அடியவர்களைக் காக்கும் தெய்வமாக அருள்பாலிக்கிறார். இன்றும் அவரது வடிவத்தில் ஒரு கையில் வில்-அம்பு, வலக்கையில் சுரிகை.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையாள நாட்டில் இவரது வழிபாட்டின்போது தரையில் பிரமாண்டமாக இவர் உருவத்தை வரைவார்கள். அதற்குக் 'களம்' என்று பெயர். நமது கோலம் போலத்தான். ஆனால், ஐந்து நிறம். வெள்ளைக்கு அரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள் பொடி, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலையை உலர்த்தி இடித்த தூள். சிவப்புக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலப்பார்கள். ஆரத்தி கரைக்கும் நமக்கு இது புதிதல்ல. மணிக்கணக்கில் வரைந்த களத்தை, பாட்டு முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். பெரிய வழிபாடாக 'பன்னீராயிரம் தேங்காய்' என்று ஒன்று உண்டு. குவித்து வைத்த பன்னிரண்டாயிரம் தேங்காய்களை ஒருவரே அமர்ந்து, இரண்டு கைகளாலும் மாறி மாறி எறிந்து உடைத்துக்கொண்டே போவார். ஒருவரே!

மறுநாள் பேரனுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ''தூங்கும்போதும் கத்தியைக் கீழே வெக்கக் கூடாதா பாட்டி?'' என்றான். சொன்ன சொல் சொன்ன சொல்தானே என்றேன். வேட்டையைப் பற்றி அன்று அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

ஆனால், இரண்டு நாள் கழித்து வேறொன்று நடந்தது. தோட்டத்து வேலியோரம் ஒரு கேளையாடு சுருக்கில் மாட்டிச் செத்துக் கிடந்ததைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். கேளையாடு என்பது ஆடு அல்ல, சின்ன மான். ஆபத்தைக் கண்டால் நாய் போலக் குரைக்கும். யார் வைத்த சுருக்கோ தெரியாது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியை வளைத்துச் செய்தது. காட்டுப்பன்றிக்கென்று வைப்பார்களாம், மானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். நிறைசூலியாக இருந்ததாகப் பேரன் சொல்லி அழுதான். அன்றிரவு சோறு இறங்கவில்லை அவனுக்கு.

சேக்கிழாரின் வேடர்கள் கருவுற்ற மானைக் கண்டு ஒதுங்கினார்கள். இந்தக் கம்பிக்குக் கண் ஏது?

அந்த வட்டாரத்தில் மானுக்குக் குறைவில்லை. புள்ளிமான், கடமான், கேளையாடு, காலடியிலேயே சருகோடு சருகாக நிற்கும் சருகுமான் என்று நான்கு வகை உண்டு. ஆனால், அன்றிருந்த அளவு இன்றில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத்துரைகளும் துப்பாக்கியோடு வந்த பிறகு, நீலகிரியில் வேட்டை பொழுதுபோக்காகிவிட்டது. சுட்டுத் தீர்த்தது அவர்களுக்கே உறைத்து, 1877-ல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் சென்னை அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்ன காலத்தில் வேட்டை கூடாது, உரிமம் வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. 1972-ல் நாடு முழுமைக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1991-ல் அதைத் திருத்தி, உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

'காடே வாழ்க்கையாக இருப்பவர்களுக்குமா?' என்று கேட்கத் தோன்றும். ஆம். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மேய்ச்சல் என்று பழங்குடியினரின் பல பாரம்பரிய உரிமைகளை ஏற்றது. ஆனால், வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. பேரனின் நண்பன் வீட்டில் தாத்தா வில்லைக் காட்டிக் கதை சொல்கிறார். பேரனைக் காட்டுக்கு அழைத்துப் போக முடியாது. துப்பாக்கிகள் செய்த வினைக்கு வில்லும் சேர்ந்து கட்டுப்பட்டிருக்கிறது. அதில் அந்தப் பெரியவருக்கு வருத்தம் இருக்காதா? இருக்கும் என்றே எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல் 'சட்டம் வாழ்க' என்று மட்டும் எழுத மனம் வரவில்லை.

நகரத்தில் இருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு, சகோதரிகளே. மலைக்குச் சுற்றுலா போன இடத்தில், 'மான் கறி இருக்கு, வேணுமா?' என்று காதோரம் கேட்பவர்கள் உண்டு. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே. சாதாரணமாக மூன்றாண்டு வரை சிறை. அதிகப் பாதுகாப்புள்ள அட்டவணையில் வரும் விலங்கு என்றால் ஏழாண்டு வரைகூட. 'நாங்கள் சைவம், எங்களுக்கென்ன?' என்பவர்கள் பூஜை அறையை ஒருமுறை பாருங்கள். ஜபத்துக்கு மான் தோல் ஆசனம் தேடுபவர்கள் நம்மில் இல்லையா? பிள்ளைக்கு உபநயனம் என்றால், பூணூலில் கட்டும் துண்டு மான் தோலுக்கு அலைகிறோம். கிருஷ்ணாஜினம் என்பது கலைமானின் தோல். அதை விற்பதும் வாங்குவதும் இன்று சட்டப்படி கூடாது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியான ஆசனமாக மான் தோலோடு தர்ப்பையும் துணியும்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. தர்ப்பாசனம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உபநயனத்துக்கு என்ன செய்யலாம் என்று உங்கள் வாத்தியாரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கடையில் விசாரிக்காதீர்கள்.

அப்படியானால், பிள்ளைகளுக்கு வேட்டை மரபையே காட்டாமல் மறைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நம் கோயில்களே அதை உயிர் போகாமல் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாலாற்றங்கரையிலுள்ள பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருள்கிறார். கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வள்ளி கல்யாணத்தில் வேடன் வேஷத்தில் வரும் முருகன், வள்ளியிடம் முதலில் கேட்பதே தான் துரத்தி வந்த மானைப் பற்றித்தான். அந்த வள்ளியோ மான் வயிற்றில் பிறந்தவள்! இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் முகம் எப்படி மாறுகிறது என்று.

இன்னொன்று, நம் வீட்டுக்குள்ளேயே நடப்பது. முதன்முதலாகச் சபரிமலைக்கு மாலை போடும் பிள்ளையைக் 'கன்னிசாமி' என்கிறோம். எருமேலியில் வேடர் கோலத்தில் பேட்டை துள்ளல். அங்கே ஒரு மரச் சரத்தைக் கையில் கொடுப்பார்கள். சரம் என்றால் அம்பு. பிள்ளை அதைச் சுமந்து மலையேறி, சரங்குத்தியில் ஆலமரத்தடியில் குத்திவிட்டு, வெறுங்கையோடு பதினெட்டாம் படி ஏறுகிறது. எத்தனை வருடம் வீட்டில் இருமுடி கட்டி அனுப்பியிருக்கிறேன்! திண்ணனின் கன்னி வேட்டையையும் இந்தக் கன்னிசாமியின் அம்பையும் சேர்த்து ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. பேரனுக்கு இந்தக் கார்த்திகையில் கன்னி மாலை.

நம்பாலக்கோட்டைக்குப் போக விரும்புபவர்களுக்கு: ஊட்டியிலிருந்தோ மைசூரிலிருந்தோ கூடலூர் வரை பேருந்து உண்டு, அங்கிருந்து ஆட்டோ, ஜீப் பிடித்துக்கொள்ளலாம். மழைக்காலம் கழித்துப் போவது நல்லது. ஐப்பசி பத்தாம் நாள் வாக்கில் போனால் 'பூப்புத்தரி' விழாவைத் தரிசிக்கலாம். அந்த ஆண்டின் முதல் நெற்கதிரை அறுத்து, பணியர், குறும்பர், மவுண்டாடன் செட்டி சமூகத்தார் சேர்ந்து மேளம் முழங்க எடுத்து வந்து, வேட்டைக்கொருமகனின் சந்நிதியில் சமர்ப்பிக்கிறார்கள். பூஜை முடிந்ததும் கதிர்களைப் பிரசாதமாகத் தருவார்கள். என் மகள் அதை வாசல் நிலையில் மாவிலையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.